நூற்றைம்பத்து மூன்று

இந்த மாதமும் பாதிரியார் வரவில்லை.
ஆறு வற்றி, அவர் படகு
மூன்று வளைவுக்கு அப்பால்
மணலில் உட்கார்ந்துவிட்டதாம்.
கால்நடையாக வந்து சேர்ந்தது
ஒரு தாளும் அரை டின் டீசலும்.
வாசியுங்கள், பேசுங்கள்,
பேசியதை எழுதி வையுங்கள்.

எழுதுகிறவள் நான்.
பள்ளிக்கூட நோட்டு, ஒழுகும் நீலப் பேனா.
ஏழு வருடமாக
அடுத்தவர் விசுவாசத்துக்கு
நான்தான் கணக்குப்பிள்ளை.

தகரக் கூரை. பலகை இருக்கை நான்கு.
ஜெனரேட்டர் ஓடும் வரை வெளிச்சம்,
வெளிச்சம் உள்ளவரை பேச்சு.

இன்று வந்த வாசகத்தில்
விடிய விடிய வெறும் வலை இழுத்தவர்கள்
கரையில் நின்ற ஒருவர் சொன்னதைக் கேட்டு
மறுபக்கம் வீசுகிறார்கள்.
நூற்றைம்பத்து மூன்று மீன்.

"யார் எண்ணினது?"
என்றார் எவுதோசியோ.

ஏரியில் பிரருக்கு எண்ணுகிறவர் அவர்.
ஆள் நீள மீன்; மூச்செடுக்க மேலே வரும்.
வாய் திறக்கும் சத்தத்தை வைத்தே
முன்பு வந்ததா புதிதா என்பார்.
அவர் எண்ணைப் பார்த்துத்தான்
அரசாங்கம் பிடிக்க அனுமதி தரும்.

"நூற்றைம்பது என்றிருந்தால்
குத்துமதிப்பு என்று விட்டிருப்பேன்.
அந்த மூன்று இருக்கிறதே,
அது எண்ணின கை.
ஆனால் பாருங்கள்,
செத்தவர் எழுந்து வந்து
அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார்,
இவன் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
மீன் எண்ணுகிறான்!
கழுத்தளவு கடன் இருந்திருக்கும்."

சிரித்தோம்.
எழுதினேன்: கடன்.

மடியில் பால் குடிக்கும் பிள்ளையோடு
ஜசினேயா சொன்னாள்,
"இவள் பிறந்த ராத்திரி
விரல்களைப் பதினொரு தடவை எண்ணினேன்.
யாருக்குக் கடன்பட்டு?"

எவுதோசியோ தொப்பியைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டார்.
எழுதினேன்: விரல்.

திபூர்சியோ தூங்குகிறார் என்று நினைத்தோம்.
"மீன் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை,
மீன் என்றால் வரும், போகும்.
வலை கிழியவில்லை என்கிறார்களே,
அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை"
என்று சொல்லி
மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு தோர்வலினா.
வருவாள், ஓரத்தில் உட்காருவாள், போவாள்.
நோட்டில் அவள் பெயரே கிடையாது.

"இவர்கள் கரைக்கு வருமுன்பே
தணலில் ஒரு மீன் கிடந்ததே.
அது எங்கிருந்து வந்தது?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"அது இந்தக் கணக்கில் சேராத மீன்.
வலையில் வரவில்லை, யாரும் எண்ணவில்லை.
ஆனாலும் அவர் கையில் இருந்தது.

தங்கம் அள்ளும் மிதவைக்கு
என் ஜோசிமார் போனபோது
ஒன்பது பேர் என்றான் முதலாளி.
மிதவை முங்கினதும்
ஏறினதே எட்டுப் பேர்தான் என்றான்.

நான் வேறொன்றும் சொல்லவில்லை.
அந்த மீனைப் பற்றித்தான் கேட்கிறேன்."

அந்த நேரம் பார்த்தா டீசல் தீர வேண்டும்.
விளக்கு போனது.
அதுவரை ஜெனரேட்டர் மறைத்திருந்த தவளைகள்
மொத்தமாக உள்ளே வந்தன.

"ஐல்சா, உனக்கு இப்போது எழுத வேலை இல்லை,
நீ சொல்" என்றது இருட்டு.
எவுதோசியோவின் குரல்தான்.

சொன்னேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
நடுவில் ஒரு கை வந்து
என் முழங்காலில் இருந்தது;
மீன் செதில் ஒட்டிய, காய்த்துப்போன கை.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.

காலையில் நோட்டைப் பிரித்தேன்.
கடன். விரல். வலை.
மீன், ஒன்று.
அதற்குக் கீழே,
இருட்டில் பேனா தானாக இழுத்த
வளைந்து வளைந்து போகும் ஒரு கோடு,
தாளைத் தாண்டி மேசைப் பலகை வரைக்கும்.

இது என்ன எழுத்து என்று
பாதிரியார் கேட்பார்.
கேட்கட்டும்.
முதலில் ஆற்றில் தண்ணீர் வரட்டும்.